இடச்செவி: செல்வின்; வலச்செவி: ஓர் அன்பர்

ஒரு செவியில் குழையும் மறுசெவியில் தோடும் தாங்கி, அடியார் வாய்விட்டுச் சொல்வதையும் சொல்ல அஞ்சி விழுங்குவதையும் ஒருங்கே கேட்டருளும் அம்மையப்பன் திருவடிகளை முதற்கண் வணங்குகிறேன். தம்பி செல்வின் தொழுத ஆண்டவர் அவனைத் தம் அருகில் அமர்த்திக்கொள்ளட்டும். எந்தப் பக்கத்தில் அமர்த்தினாலும் இனி அவனுக்குக் குறையில்லை.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, பூசையை முடித்துத் திருநீற்றுத் தட்டைக் கையில் எடுத்த வேளையில் கைபேசி ஒலித்தது. பேசியவர் செல்வினின் தாயார் எஸ்தர் அம்மாள். நெடுங்காலம் நர்ஸாகப் பணிபுரிந்தவர். ஊரே அவரைச் சிஸ்டர் என்றுதான் அழைக்கும். எத்தனையோ வீடுகளுக்கு இத்தகைய செய்தியை நிதானமாகச் சொல்லிப் பழகிய குரல். "ஐயா, நம்ம செல்வின் போயிட்டான்யா. காய்ச்சல் மூளைக்கு ஏறிருச்சு" என்றார். நான் கைபேசியை இடக்காதுக்கு மாற்றிக்கொண்டேன். என் இடக்காது கேளாது. கேளாது என்பதற்காகவே மாற்றினேன். அந்தக் காதுக்குள் அச்செய்தி வரவில்லை. பிறகு வெட்கமுற்று மீண்டும் வலக்காதுக்குக் கொண்டுவந்தேன். "ஐயா, இருக்கீகளா? லைன்ல இருக்கீகளா?" என்று அந்தத் தாய் கேட்டுக்கொண்டிருந்தார்.

முப்பத்தோரு வயது. 'அவர்' என்று எழுதுவதே முறை. ஆனால் அப்படி எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதுவது போலிருக்கிறது. ஆகவே 'அவன்' என்றே எழுதுகிறேன், அறிந்தவர்கள் பொறுத்தருள்க.

அவனை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நம் சுற்றுவட்டாரத்தில் கோயில் திருவிழாப் பந்தலிலும், கிறிஸ்துமஸ் கீதப் பவனியிலும், கந்தூரி நாளிலும் ஒலித்த பாடல்களில் பாதி, விஸ்வநத்தத்தில் அவன் வீட்டுப் பின்னறையில் பதிவானவை என்பது உங்களுக்குத் தெரியும். பகலில் அவன் அச்சகத்தில் பட்டாசு லேபிள் வடிவமைப்பவன். கணினியை அங்கே பழகினான். கீபோர்டை ஆலயத்தில் பழகினான். பதிவு செய்வதைத் தானே பழகினான். வெடிக்குச் சுற்றும் காகிதக் குழாய்களில் கம்பெனிகள் கழித்துப்போட்டவற்றை மூட்டையாக வாங்கிவந்து, எதிரொலி அடங்குவதற்காகப் பின்னறைச் சுவர் முழுவதும் தேனடைபோல் ஒட்டியிருந்தான். உன் குரு யார் என்று ஒருமுறை கேட்டேன். "நான் கெடுத்த பாட்டுகதான் ஐயா குரு. ஒவ்வொண்ணும் ஒண்ணு சொல்லிக்குடுத்துட்டுத்தான் போச்சு" என்றான்.

இந்த அஞ்சலியை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது எஸ்தர் அம்மாள் எனக்கு ஒரு கட்டளை இட்டார்: "அழுது எழுதிராதீக ஐயா. துட்டி வீட்டு அழுகைப் பாட்டக் குடுத்தாலும் ஒரு தட்டு வேகத்தக் கூட்டி விடுறவன் அவன்." அக்கட்டளைக்கு உட்பட்டே எழுதுகிறேன்.

அவனுக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டது மீனால். ஆறேழு ஆண்டுகளுக்கு முன், கேசட் போய் சிடி வந்துகொண்டிருந்த நாட்களில், எங்கள் சிவனடியார் மன்றத்தார் தாங்கள் பாடும் துதிப்பாடல்களை அவனிடம் பதிவு செய்து வாங்கினர். பாடும் குழுவில் நான் இல்லை. என் கைக்குச் சிடி வந்த அன்று மாலை, வீட்டார் தொலைக்காட்சித் தொடரில் ஆழ்ந்திருந்தமையால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். பெருமான் கங்கையைச் சடையில் தாங்கிய திறத்தை மன்றத்தார் எங்கோ தொலைவில் பாடிக்கொண்டிருக்க, மிக அண்மையில் ஒரு பெண்குரல் தெளிவாகச் சொன்னது: "கண்ணப் பாரு இதுக்கு! முந்தாநேத்து மீனு. எங்கிட்டயேவா?" மீன்காரர் ஏதோ சமாதானம் சொன்னார். மூன்றாம் பாடலில் மீனை உரசும் ஓசை. ஐந்தாம் பாடலில், பெருமான் நஞ்சுண்ட கட்டத்தில், "ஏலே செல்வின், கேஸ் சொல்லிட்டியாலே?" என்ற வினா.

மறுநாட்காலை சிடியோடு அவன் வீட்டு வாசலில் நின்றேன். சினம் இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

"என்ன தம்பி இது? சுத்தபத்தமாக் கும்பிடுறவுக நாங்க. சிவன் பாட்டுல மீன் கழுவியிருக்கீகளே, இது அடுக்குமா?"

"மீனா? எங்கன ஐயா?" அவன் ஹெட்போனை மாட்டி முதற்பாடல் முழுவதையும் கேட்டான். "ஒண்ணுமில்லையே. சுத்தமா இருக்கே."

நான் வாங்கி மாட்டினேன். மீன் இருந்தது. அவன் வாங்கி மாட்டினான். மீன் இல்லை. மூன்றாம் முறையும் அப்படியே ஆனபோது, "ஐயா, காலைல சாப்பிட்டீகளா? பசியோட வந்திருக்கீகளா?" என்று மிகுந்த பணிவோடு கேட்டான்.

சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து வந்த எஸ்தர் அம்மாள் தாமே ஹெட்போனை மாட்டிப் பார்த்தார். "ஆத்தாடி, என் குரலு!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சிரிப்பு நின்றது. மகனைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "செல்வின், அது வலது பக்கம்லே."

செல்வின் முகம் வாடியதை அன்றொரு நாள்தான் கண்டேன். ஏழு வயதில் பொன்னுக்குவீங்கி கண்டு அவனுடைய வலக்காது முற்றாகப் போயிருந்தது. பாடுபவர் எதிரே ஒரு மைக், அறையின் விரிவைப் பிடிப்பதற்காகச் சன்னலருகே இன்னொரு மைக் என்று வைத்திருந்தான். சன்னலுக்கு அப்பால் அடுக்களை. அந்த மைக் பிடித்ததெல்லாம் வலப்பக்கம் போய்ச் சேர்ந்தது. அப்பக்கத்தை அவன் கேட்டதே இல்லை. "திரையில ரெண்டு பச்சைக் கோடும் சமமா ஆடுச்சு ஐயா. பாத்து நம்பிட்டேன்" என்றான்.

அம்மையார் அடுப்பைப் பார்க்கப் போனதும் அவன் என்னை உற்றுப் பார்த்தான். "பாட்டு தூரத்துல கேட்டுச்சுன்னு சொன்னீகள்ல? மன்றத்துக்காரவுகள முழுக்க நான் இடது பக்கம்தான் வச்சிருக்கேன். ஐயா, ஒங்களுக்கு இடது கேக்காதோ?"

அதுவரை என்னிடம் எவரும் கேளாத கேள்வி அது. பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேனாக இருந்தவன். ஒவ்வொரு நாளும் மாதிரி வெடிகளைச் சோதனைத் திடலில் கொளுத்திப் பார்ப்பது என் பொறுப்பு. முகத்தைத் திருப்பி, இடத்தோளை வெடிக்குக் காட்டி நிற்பது என் வழக்கம். முகம் தப்பியது, இடக்காது சிறிது சிறிதாகப் போயிற்று. சொன்னால் பதவி போகுமென்று மறைத்தேன். ஓய்வு பெற்ற பின் மறைக்கக் காரணமில்லை. ஆனால் அதற்குள் மறைப்பது இயல்பாகிவிட்டது. என் இடப்புறம் நின்று வணங்கியவர்கள் பதில் வராததால் என்னைச் செருக்குடையவன் என்று சொல்லித் திரிந்தனர். செவிடன் என்பதைவிடச் செருக்கன் என்பது எனக்குச் சம்மதமாயிருந்தது. அன்று வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஆம் என்று தலையசைத்தேன்.

அவன் மறைத்ததற்கு அதைவிடக் கனமான காரணம் உண்டு. பதிவுத்தொழில் கற்கவென்று மதுரையில் ஓரிடத்துக்குப் போய், உள்ளதைச் சொல்லியிருக்கிறான். ஒற்றைக் காதனுக்கு இந்த வேலை எதற்கு என்று நின்ற நிலையிலேயே அனுப்பிவிட்டார்கள். அதன்பின் அவன் எவரிடமும் சொல்லவில்லை. "வெளிய தெரிஞ்சா ஒரு ஆர்டர் வராது ஐயா. அதோட இந்த ரூமப் பூட்ட வேண்டியதுதான்" என்றான். பட்டாசு லேபிள் செய்து பிழைத்துக்கொள்வான். ஆனால் அந்த அறைக்குள் இருந்தபோதுதான் அவன் செல்வினாக இருந்தான். அது போய்விடும் என்ற அச்சம் அவன் சிரிப்புக்கு அடியில் எப்போதும் இருந்தது.

அன்றே ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். அவனுக்கு நான் வலச்செவி. பதிலாக அவன் மன்றத்தின் சிடியை மீனின்றித் திரும்பச் செய்து தருவான்.

எங்கள் வேலைமுறையைக் கண்டவர் சிரிக்காமல் இருக்க முடியாது. ஒரே பெஞ்சில் அவன் வலமாகவும் நான் இடமாகவும் அமர்வோம். ஒரே ஹெட்போனின் இரு கிண்ணங்களையும் வெளிப்புறமாக முறுக்கி இரு தலைகளுக்கும் நடுவே பிடித்துக்கொள்வோம். அவனுடைய இடச்செவி ஒரு புறமும் என் வலச்செவி மறுபுறமும் ஒட்டிக்கொள்ளும். "ஒங்க பக்கம் எப்படி ஐயா?" என்பான். "தம்புரா தூங்குகிறது" என்பேன். ஒரு பிடி கூட்டுவான். அவனுடைய பக்கத்தை அவன் சொல்வான், என்னுடையதை நான் சொல்வேன். உண்மையில் எங்களில் எவரும் எந்தப் பாடலையும் முழுதாகக் கேட்டதில்லை. ஒருவர் கேட்டதை மற்றவர் நம்பினோம். அவ்வளவே எங்கள் மிக்சிங்.

பதிவுக்கு அமைதி வேண்டும். நம் ஊரில் பகலெல்லாம் எங்கேனும் ஒரு வெடி சோதிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். ஆகவே அவன் மேகத்தை நம்பி வாழ்ந்தான். இடி மின்னல் வருமென்றால் கம்பெனிகள் வேலையை நிறுத்தி ஆட்களை அனுப்பிவிடும். திசையெங்கும் வெடியோசை அடங்கும். உடனே எனக்கு அழைப்பு வரும்: "ஐயா, வெம்பக்கோட்டைப் பக்கம் கறுத்திருச்சு. கம்பெனியெல்லாம் விட்டாச்சு. ஓடி வாங்க!" இடி நெருங்கி, "பிளக்கப் புடுங்குலே! மிசின் போச்சுன்னா திரும்ப வாங்க முடியாது!" என்று சிஸ்டரின் குரல் எழுவதற்குள் முடிந்த அளவு பாடல். எத்தனை பக்திப் பாடல்கள் மின்னலுக்கு அஞ்சி விரைந்து பாடப்பட்டவை என்பதை இறைவனே அறிவான். சாமி பாட்டு இத்தனை விரைவு கூடாது என்று நான் கடிந்துகொண்டால், "சாமி நடந்துதான் வரணுமா ஐயா? ஓடி வரட்டுமே" என்பான்.

அவன் வாழ்வின் பெரிய நாளைச் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து ஒரு சிடி விநியோகஸ்தர் அவன் வேலையைக் கேள்விப்பட்டு வருவதாகச் சொல்லியனுப்பினார். பிடித்துப்போனால் பத்து ஆல்பங்கள் தருவார். செல்வின் அச்சக வேலையை விட்டு இதையே தொழிலாகக் கொள்ளலாம். வந்தவர் உடனிருந்து கேட்பார், அங்கேயே மாற்றங்கள் சொல்வார் என்பதுதான் இடர். எனவே நான் பக்திமான் ஒருவர் தற்செயலாக அமர்ந்திருப்பதுபோல் உடனிருக்க ஏற்பாடு. வலப்பக்கம் ஓங்கினால் உருத்திராக்கத்தை உருட்டுவேன். தாழ்ந்தால் திருநீற்றை எடுத்துப் பூசுவேன். அன்று வலப்பக்கம் தாழ்ந்துகொண்டே இருந்தது. மூன்றாம் பாடலுக்குள் என் நெற்றியில் இடமில்லை.

வந்தவர் பெஞ்சின் வலக்கோடியில் அமர்ந்து செல்வினிடம் ஏதோ கேட்டார். கேள்வி தம்பிக்கு என்று நான் இருந்துவிட்டேன். தம்பிக்கோ கேள்வியே போய்ச் சேரவில்லை. மீண்டும் கேட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து சுற்றிவந்து என் இடப்புறம் அமர்ந்து என்னிடம் கேட்டார். செல்வின் அப்போது கணினியின்மேல் கவிந்திருந்தான். எங்கள் கேட்கும் செவிகள் இரண்டும் உட்புறம். வெளிப்புறம் இரண்டும் சுவர். அவர் சட்டென எழுந்து எதிரே வந்து நின்றார்.

"என்னப்பா இது? இம்புட்டுத் தூரம் வந்திருக்கேன். ரெண்டு பேரும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கீங்க. இஷ்டமில்லேன்னா சொல்லிருங்க, போயிட்டே இருக்கேன்."

தியானத்தில் இருந்தோம் என்று சொல்ல என் வாய் திறந்தது. அதற்குள் செல்வின் எழுந்து நின்றான்.

"தப்பா நெனச்சுக்கிறாதீங்க சார். எனக்கு வலது காது கேக்காது. சின்ன வயசுலருந்தே. நீங்க கேட்டது வந்து சேரல."

வந்தவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப பெரியவர்?"

வாய்மையைப் பற்றி நான் மேடைகளில் மணிக்கணக்கில் பேசியதுண்டு. அன்று ஒரு சொல் வரவில்லை. செல்வின் என் முகத்தைப் பார்த்தான், பார்த்த கணமே, "ஐயா சாமி நெனப்புல இருந்திருப்பாக சார். பாட்டுன்னா கரைஞ்சிருவாக" என்றான். தன்னை மறைத்த திரையைக் கிழித்துப்போட்டவன், என் திரையை மட்டும் இழுத்துவிட்டான்.

வந்தவர் பெஞ்சின் நடுவில் அமர்ந்து அதே பாடலைத் திரும்பப் போடச் சொன்னார். கண்மூடிக் கேட்டார். "வலது பக்கம் கேக்காமலா இத இப்படிக் கொண்டாந்த?"

"வலது பக்கத்துக்கு எனக்கு ஒரு ஆள் இருக்கு சார். பேரு சொல்ல அனுமதியில்ல."

அவர் சிரித்தார். "ரெண்டு காதும் நல்லாருக்கவன் போட்ட சிடியெல்லாம் கேட்டு நொந்துதான்யா ஒன்னத் தேடி வந்தேன். வேலையப் பாரு."

செல்வின் அறை பூட்டப்படவில்லை. அன்று முதல் அவன் எதையும் மறைக்கவுமில்லை. லேபிள் வடிவமைப்பவன் அல்லவா, சிடி அட்டையில் தானே ஒரு வரி சேர்த்தான்: இடச்செவி, செல்வின். "வலச்செவின்னு ஒங்க பேரப் போடவா ஐயா?" என்று கேட்டான். "வேண்டாம் தம்பி, ஊரார் கேலி பேசுவர்" என்றேன். வற்புறுத்தவில்லை. 'வலச்செவி: ஓர் அன்பர்' என்று போட்டான். அடுத்த ஆல்பத்துக்கும் கேட்டான்; அதே பதில் சொன்னேன். ஒவ்வொரு ஆல்பத்துக்கும், இன்று மனம் மாறியிருக்கக்கூடும் என்பதுபோல் புதிதாகக் கேட்டான். இந்த ஆண்டு திருவிழாச் சீசனுக்கு முன் கேட்டபோதும் நான் தலையை அசைத்தேன். "சரிங்க ஐயா. எடம் விட்டு வைக்கேன்" என்று சிரித்தான்.

ஆலயத்தை அடுத்த மண்டபத்தில் அவனுக்காக நினைவு ஜெபக்கூட்டம் நடந்தது. என்னையும் இரண்டு சொல் சொல்ல அழைத்திருந்தனர். கூட்டம் தொடங்குமுன் எஸ்தர் அம்மாள் என் வலப்புறம் வந்து குனிந்தார். "கடேசி சிடி அட்டை அச்சுக்குப் போகணும் ஐயா. வழக்கம்போல ஓர் அன்பர்னே போட்டுறச் சொல்லவா?" அவர் கேட்டதில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை.

என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். ஆயத்தப்படுத்திக் கொண்டுவந்த செய்யுளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். "எனக்கு இடக்காது கேட்காது. இருபது வருஷமாகக் கேட்காது. செல்வினுடைய சிடிகளில் வலச்செவி என்று இருக்கும் அன்பர் நான்தான்" என்றேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. என் மனைவி விசாலம். இடம் பொருள் பாராமல் எழுந்தே விட்டாள். "இருவது வருசமா? ஏங்க, தெனம் ஒங்க எடப்பக்கம் நின்னுதானே பரிமாறுதேன்! உப்புப் போதுமான்னு கேட்டுக் கேட்டு, பதில் வராம, எம்மேல என்ன கோவமோன்னு நெனச்சு நெனச்சு... இத எங்கிட்டச் சொல்ல ஒங்களுக்கு வாய் இல்லையா?"

முதலில் சிரித்தவர் எஸ்தர் அம்மாள். மகனை இழந்து பதினோரு நாளில் முதல்முறையாகச் சிரிக்கிறார் என்று பிறகு சொன்னார்கள். அடுத்துப் போதகர் சிரித்தார். பின்பு மண்டபமே சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. அவனுக்கு அதைவிடப் பொருந்திய ஜெபம் அமைந்திருக்காது.

அன்று வீட்டில் சாப்பாட்டுக்கு அமர்ந்தேன். விசாலம் குழம்புச் சட்டியோடு வந்து, வழக்கமான இடத்தில் நின்று, ஒரு கணம் யோசித்து, இலையைச் சுற்றிக்கொண்டு என் வலப்புறம் வந்தாள். "உப்புப் போதுமா?" என்றாள். "போதும். நன்றாயிருக்கிறது" என்றேன். கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

கடைசி சிடியின் அட்டையில் இப்போது என் பெயர் இருக்கிறது. அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த அட்டையை அல்ல. என்னைக் காண வருபவரிடம் நாணமின்றி, "இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள், அந்தப் பக்கம் எனக்குக் கேளாது" என்று சொல்லும் வாயை.

இதைப் படிக்கும் உங்கள் இல்லங்களில், மெல்லச் சொல்லப்படும் சொல்லும் உரியவர் செவியைச் சேரட்டும். அன்போடு கேட்டதற்கு அன்போடு விடை வரட்டும். பெரியோரும் பிள்ளைகளும் நோயின்றி, குறையை ஒளிக்கத் தேவையின்றி, நெடுநாள் கூடி வாழ எல்லாம்வல்ல இறைவன் அருள்க.